சம்பளச் சீட்டைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் கிளார்க். இந்தியப் பெண்கள் ஹாக்கி முகாமில் இருக்கிறேன், இரண்டு வெளிநாட்டுத் தொடர்கள் ஆடியிருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.41,000. அக்கா வீட்டுக்காரர் மினி லாரி வாங்க என் பெயரில் ரூ.6 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். பிறகு வண்டி ரிப்பேருக்கு அதன்மேல் ரூ.2.5 லட்சம் டாப்-அப், அதாவது கூடுதல் கடன். அத்தான் நான்கு மாதம் தவணை கொடுத்தார், அதன்பிறகு நான்தான் கட்டுகிறேன். இப்போது பெரிய வண்டி வாங்க, ஊழியர் கூட்டுறவுக் கடன் சொசைட்டியில் ரூ.4 லட்சம் எடுத்துத் தரக் கேட்கிறார். ஹாக்கி இந்தியா லீகில் என்னை ரூ.5 லட்சத்துக்கு எடுத்திருக்கிறார்கள். அதை யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடலாமா? விளையாட்டு வீரர்களுக்கான பென்ஷன் எனக்குக் கிடைக்குமா? சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு எப்போதும் போனிலேயே இருக்கும் சார், வீட்டில் யார் கேட்டாலும் உடனே அனுப்பிவிடுவேன்.

பதில்: கடைசி வரியை ஏதோ நல்ல பழக்கம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பக்கென்றது அங்கேதான். உங்கள் பெயரில் கடன் எடுக்க முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தானே.

உங்களுக்கு இரண்டு வருமானம். ரயில்வே சம்பளம் 60 வயது வரை வரும். முகாமுக்குப் போனாலும் வரும், முட்டி பெயர்ந்து ஆறு மாதம் படுத்தாலும் வேலை இருக்கும். ஹாக்கிப் பணம் அப்படியில்லை. ராணி ராம்பால் 2008இல் 14 வயதில் இந்தியாவுக்கு ஆட வந்தவர். 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு 30 முடியவில்லை. அணியின் கேப்டனாக இருந்தவருக்கே அவ்வளவுதான் காலம். நீங்களோ நீண்டகாலம் வரும் சம்பளத்தை அடகு வைத்துவிட்டு, எப்போது நிற்கும் என்று தெரியாத பணத்தை வைத்து அதை மீட்கக் காத்திருக்கிறீர்கள்.

ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கியது, 2017க்குப் பிறகு நின்றே போனது. ஏழு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. பெண்கள் லீக் 2025 ஜனவரியில் ராஞ்சியில் முதன்முறையாக நடந்தது, நான்கே அணிகள், இரண்டே வாரம். வீராங்கனை உதிதா ஏலத்தில் ரூ.32 லட்சத்துக்குப் போனதைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஆட்களை எடுக்க ஓர் அணிக்கு மொத்தப் பணமே ரூ.2 கோடி, 24 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ரூ.8 லட்சம் சொச்சம். ஒரு சிலர் அள்ளிக்கொண்டபின் மீதிப் பேருக்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அதே ராஞ்சியில் 2024 ஜனவரியில் ஜப்பானிடம் வாங்கிய ஒரே கோலில் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லாமல் நான்காவதாக வந்தபோதே ஹரியானா அரசு தன் மாநில வீராங்கனைகள் ஒன்பது பேருக்கும் தலா ரூ.50 லட்சம் அறிவித்தது. ஒலிம்பிக்குக்கே போகாவிட்டால் அதற்கும் வழியில்லை.

சரி, உத்தேசக் கணக்குக்கு வருவோம். வட்டி 13%, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆறு லட்சத்துக்குத் தவணை ரூ.13,650, டாப்-அப்புக்கு ரூ.5,700. சேர்த்தால் ரூ.19,350, சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. முதல் கடனில் 20 மாதமும் டாப்-அப்பில் 12 மாதமும் கட்டியிருந்தால், இன்னும் ரூ.4.4 லட்சமும் ரூ.2.1 லட்சமும் அசல் நிற்கும். ஆர்.சி. புத்தகம் அத்தான் பெயரில், கடன் உங்கள் பெயரில். இதற்கு மேல் சொசைட்டிக் கடனும் ஏறினால் மெஸ் பில்லுக்கே கைமாற்று வாங்க வேண்டிவரும்.

லீக் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.டி.எஸ். 10% போக ரூ.4.5 லட்சம் கைக்கு வரும். ரூ.1.5 லட்சத்தை உங்கள் பெயரில் மட்டும் வங்கி டெபாசிட்டாகப் போடுங்கள். காயம் பட்டால் ஸ்கேன், பிசியோ எல்லாவற்றுக்கும் அதுதான். ரூ.2.1 லட்சத்தில் டாப்-அப்பை முடியுங்கள், மாதம் ரூ.5,700 மூச்சுவிடக் கிடைக்கும். மீதியை முதல் கடனின் அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று வங்கியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூலிப் வேண்டாம். வருடம் ஒன்றரை லட்சம் கட்டச் சொல்லியிருப்பார்கள், இல்லையா? அடுத்த ஏலத்தில் உங்களை யாரும் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது பிரீமியம் எங்கிருந்து வரும்? நடுவில் நிறுத்தினால் கட்டிய பணம் ஐந்து வருடம் முடியும்வரை வெளியே வராது. 13% வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு எந்த முதலீட்டைப் பற்றிப் பேசினாலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஓய்வுக்காலத்துக்கு என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் பங்கு 10%, அரசின் பங்கு 14% ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.

அத்தான் விஷயம். நானும் ஒரு மாமாவுக்கு ஜாமீன் போட்டு மூன்று வருடம் கட்டியவன்தான், அதனால் 'முடியாது' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சண்டை போட வேண்டாம். இருக்கும் வண்டிக்கே தவணை வரவில்லை, பெரிய வண்டிக்கு எங்கிருந்து வரும் என்று அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓடுகிறதென்றால் மாதம் 3ஆம் தேதி ரூ.13,650 அவர் கணக்கிலிருந்து தானாக உங்கள் கணக்குக்கு வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கட்டும். சும்மா நிற்கிறதென்றால் விற்றுக் கடனில் கட்டட்டும்.

போனிலிருக்கும் அந்தச் சம்பளச் சீட்டுகளை இன்றே அழியுங்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

பென்ஷன் பற்றி: மத்திய அரசின் திட்டத்தில் ஆசிய விளையாட்டில் வெள்ளி, வெண்கலம் வாங்கியவர்களுக்கு மாதம் ரூ.12,000, தங்கத்துக்கு ரூ.14,000. 30 வயது தாண்டி, ஆட்டத்திலிருந்து விலகியபின்தான் வரும். 2023இல் ஹாங்ஜோவில் வெண்கலம் வாங்கிய அணியில் நீங்கள் இருந்ததாக எழுதவில்லை. ஆகவே இப்போதைக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதக்கம் வாங்கிய பிறகு எழுதுங்கள், விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று அப்போது சொல்கிறேன்.