மழைக்காலம் முழுக்கப் பைக்கை ஓட்டாமல் நிறுத்தி வைக்கப் போகிறேன், கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசியில் வெளிநாடு போய்த் தை கடைசியில் திரும்புவதாகவும், பைக் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, வீடு சேரன்மகாதேவி பக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இப்படி மூன்று தடவை போட்டுவிட்டுப் போனவன்தான். தேடினால் பனி பெய்கிற ஊர்க்காரர்களின் யோசனைதான் வந்து விழும். நமக்கு அடைமழை ஈரம்தான் வில்லன்.

பெட்ரோலில் இருந்து தொடங்குங்கள். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். முதல் தடவை நான் பாதி டாங்க்கோடு அப்படியே போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து கிக்கரை உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மெக்கானிக் அண்ணாச்சி கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். வேப்பம்பிசின் மாதிரி பழுப்பாக ஒரு படிவு, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. பெட்ரோல் போகும் ஜெட் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. "வடிக்காமப் போட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஆகவே டாங்க் நிறைந்திருக்கணும், கார்புரேட்டர் காலியாக இருக்கணும். டாங்க்கில் காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்காது. டாங்க் அடியில் உள்ள பெட்ரோல் குழாய்த் திருகை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அப்புறம் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள்.

ஆயில் மாற்றுவதைத் திரும்பி வந்தபின் என்று தள்ளாதீர்கள். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அது நாலு மாதம் உள்ளே ஊறக்கூடாது. பேட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். செயினைத் துடைத்து ஆயில் விடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அதன் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது.

"வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடு" என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில் சைலன்சர் முழுதாகச் சூடாகாது, புகையில் உள்ள நீராவி உள்ளேயே தண்ணீராகித் தங்கும். இரண்டாவது வருடம் என் தம்பி பாசத்தோடு இதைச் செய்து, சைலன்சர் அடியில் விரல் நுழையும் ஓட்டை.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை வண்ணார்பேட்டை வீடுகளுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பலகை சாய்த்துத் தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) ஏற்றி, சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். மேலே தார்ப்பாய் வேண்டாம், அது உள்ளே வியர்க்கும். பழைய வேட்டி போதும்.

சைலன்சர் ஆறியதும் வாயில் துணி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டும். அடைத்த ஞாபகத்துக்குச் சாவியிலும் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். மூன்றாவது வருடம் நான் அதை மறந்து, துணியோடு கால்மணி நேரம் உதைத்துக்கொண்டிருந்தேன்.