நாய்க் காப்பகத்தில் உதவியாளர் எந்தச் சிகிச்சைவரை செய்யலாம்?

காப்பகத்தில் டாக்டர் இல்லாத நேரத்தில் உதவியாளரே ஊசி, தையல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இதற்கு அடிப்படை, 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம். அதன் 30ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம், உடல்நலச் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம்.

ஒரு விலக்கு உண்டு. கால்நடைப் பராமரிப்பில் டிப்ளமோ அல்லது சான்றிதழ் படித்தவர்கள், மாநில அரசு ஆணை மூலம் அனுமதித்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் 'சிறு சேவைகள்' செய்யலாம். தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுவது, காயடிப்பது (ஆண் விலங்கை மலடாக்குவது) ஆகியவற்றைச் சட்டமே சொல்கிறது. மற்றவற்றை மாநில அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும்.

இந்தக் 'காயடிப்பது' என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதைக் காட்டிப் பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய முடியாது. மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, சூலகங்களையும் கருப்பையையும் எடுக்கும் அறுவை அது. ரத்தக் குழாயைக் கட்டிய ஒரு முடிச்சு நழுவினால் உள்ளேயே ரத்தம் கசிந்து நாய் செத்துவிடலாம். அது மருத்துவரின் கை மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

சரி, காதுக்குப் பின்னால் புழு வைத்த புண்ணோடு ஒரு நாய் வருகிறது. தகுதியுள்ள உதவியாளர் புண்ணைக் கழுவி, இடுக்கியால் புழுக்களை எடுத்துக் கட்டுப் போடலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். போனில் கேட்டாலும் அவர் சொன்னதைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். சான்றிதழே இல்லாத தன்னார்வலருக்கு இந்த விலக்கு பொருந்தாது.