முப்பரிமாண நுண்ணோக்கிப் படத் துண்டுகளை இணைக்க எந்த மென்பொருள் நல்லது? இணைத்த இடத்தில் செல்கள் இரட்டையாகத் தெரிவது ஏன்?

கேட்டவர் சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான்: ஒளித்தாள் நுண்ணோக்கியில் (தாள் போன்ற மெல்லிய ஒளியால் மாதிரியைத் தளம் தளமாகப் படமெடுக்கும் கருவி) ஒரு சுண்டெலியின் மூளையை முப்பது துண்டுகளாகப் படமெடுத்திருக்கிறார். இலவச மென்பொருள் ஒன்றால் அவற்றை இணைத்துப் பார்த்தபோது, துண்டுகள் சேரும் இடங்களில் செல்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. வேறு மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா என்றும், வட்டில் இடமில்லாததால் மூலப் படங்களை அழித்துவிடலாமா என்றும் கேட்கிறார்.

"இரண்டிரண்டாக" என்ற சொல்லைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. 2018-இல் இதே சொல்லோடு நான் மூன்று வாரங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நான் உயிரியல் அறிஞன் அல்லன். ஓர் ஆய்வு நிறுவனத்தின் படமெடுப்பு மையத்தில் நுண்ணோக்கிகளையும் அவற்றோடு சேர்ந்த கணினிகளையும் பார்த்துக்கொள்பவன். ஆகவே கணிதத்தில் எங்காவது தளர்வாகப் பேசினால் வல்லுநர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வணிக மென்பொருள் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை என்று எழுதப்போகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன், அவற்றோடு எனக்குப் பகை இல்லை, ஆனால் கீழே சொல்லப்போகும் தவற்றை அவற்றிலும் இதே போலச் செய்யலாம்.

எங்கள் கணக்கை முதலில் சொல்கிறேன். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கேமராவில் 2048-க்கு 2048 பிக்ஸல்கள், ஒவ்வொன்றும் 6.5 மைக்ரான். நான்கு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்தால், மாதிரியில் ஒரு பிக்ஸலுக்கு 1.625 மைக்ரான் வரும். ஒரு படத்தின் அகலம் 3.3 மில்லிமீட்டர். சுண்டெலியின் மூளை அதற்குள் அடங்காது. எனவே நான்கு பத்தி, ஆறு வரிசை என 24 டைல்களாக, அதாவது நீங்கள் சொல்லும் துண்டுகளாக, எடுத்தோம். அடுத்தடுத்த டைல்கள் 15 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 307 பிக்ஸல் அகலத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, மாதிரியைத் தாங்கும் மேடையை நகர்த்தினோம்; இப்படி இரண்டிலும் பொதுவாக வரும் பகுதிதான் பொதுப்பட்டை. ஆழத்தில் 5 மைக்ரானுக்கு ஒரு தளம் வீதம் 1200 தளங்கள். ஒரு தளம் 8 மெகாபைட்டுக்குச் சற்று மேல், ஒரு டைல் 10 ஜிகாபைட், ஒரு நிறத்துக்கு 240 ஜிகாபைட், இரண்டு நிறங்களுக்கு 480 ஜிகாபைட். அப்போது எங்கள் கணினியின் நினைவகம் 64 ஜிகாபைட். முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி இணைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த நெருக்கடிக்காகவே எழுதப்பட்ட மென்பொருள்தான் டெராஸ்டிச்சர். இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரோ பிரியா, ஜூலியோ இயான்னெல்லோ ஆகிய இருவரும் 2012-இல் வெளியிட்டது. அது செய்யும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு டைல்களின் பொதுப்பட்டையை முப்பரிமாணத்தில் அப்படியே ஒப்பிடாமல், அந்தப் பட்டையை மூன்று திசைகளிலிருந்தும் நசுக்கி, ஒவ்வொரு கோட்டிலும் மிகப் பிரகாசமான புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று தட்டையான படங்களாக்கிவிடும். பிறகு ஒரு டைலின் தட்டைப் படத்தை மற்றதன் மீது இங்குமங்கும் நகர்த்தி, எந்த இடத்தில் ஒற்றுமை மிக அதிகம் என்று பார்க்கும். ஒவ்வோர் இணைக்கும் மூன்று அச்சுகளிலும் எத்தனை பிக்ஸல் விலகல், அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்ற எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும். இந்த நம்பக எண்ணை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஃபிஜி என்ற இலவசப் படச் செயலாக்க மென்பொருளில் உள்ள இணைப்புக் கருவி வேறு வழியில் போகிறது. பிரெய்பிஷ், சால்ஃபெல்ட், தோமன்சாக் ஆகிய மூவரும் 2009-இல் வெளியிட்ட அது, படத்தை அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றத்தின் ஒரு பண்பைப் பயன்படுத்துகிறது: ஒரு படம் நகர்ந்தால் அதன் உருமாற்றத்தில் அலைகளின் கட்டம் (phase) மட்டுமே மாறும், ஆகவே இரண்டு படங்களின் கட்ட வேறுபாட்டைத் திருப்பி உருமாற்றினால், நகர்ந்த தூரத்தில் ஒரு கூர்முனை எழும். ஃபூரியர் உலகில் படம் முடிவின்றி மீண்டும் மீண்டும் வருவதாகக் கருதப்படுவதால், முப்பரிமாணத்தில் ஒவ்வொரு கூர்முனைக்கும் எட்டு விதமான நகர்வுகள் பொருந்தும். அந்த எட்டையும் சோதித்தே மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 2019-இல் வந்த பிக்ஸ்டிச்சர் இதே மரபில் பிறந்த பெரிய பிள்ளை. தரவை வட்டில் வைத்தபடியே காட்டும், எந்த டைல் எதனோடு எப்படிச் சேர்ந்தது என்பதைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கவும் தவறானவற்றை நீக்கவும் விடும்.

இனி என் கதை. படங்களை இணைத்துக் கொடுத்த நான்காம் நாள், செல்களை எண்ணிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி வந்து, "சார், செல் அடர்த்தி வரைபடம் லுங்கி மாதிரி வருகிறது" என்றார். போய்ப் பார்த்தேன். மிகை இல்லை. மூளையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, அரை மில்லிமீட்டர் அகலத்தில், சீரான கட்டங்கள். பொதுப்பட்டைகள் இருக்கும் இடங்களில் மட்டும் செல்களின் எண்ணிக்கை அதிகம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் அதே வடிவில், சற்றே மங்கலாக, இன்னொரு செல். எண்ணும் நிரல் இரண்டையும் நேர்மையாக எண்ணியிருக்கிறது.

முதல் வாரம் மென்பொருளைத் திட்டினேன். இரண்டாம் வாரம் மென்பொருளை மாற்றினேன்; இரட்டை போகவில்லை, ஏனென்றால் தேடும் எல்லையை எவ்வளவு வைக்க வேண்டும் என்ற என் முன்முடிவை அங்கும் கூடவே எடுத்துச் சென்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மையத்தின் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அது உறுத்தியது. மூன்றாம் வாரம்தான், வேறு வழி தெரியாமல், அந்த நம்பக எண்களைத் திறந்தேன்.

24 டைல்களுக்கு இடையே 38 இணைகள். பக்கவாட்டில் சேரும் 18 இணைகளில், கிடை அச்சும் ஆழ அச்சும் நன்றாக இருந்தன. மேல் கீழ் அச்சு மட்டும் படு மோசம். மேலும் கீழுமாகச் சேரும் 20 இணைகளில் நேர் மாறு: கிடை அச்சு மட்டும் மோசம். மாதிரி ஆடியிருந்தாலோ அது மூழ்கியிருக்கும் கரைசல் ஆவியாகியிருந்தாலோ பிழை இப்படி ஒழுங்காக வராது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். இது யாரோ அளவுகோல் வைத்துச் செய்த பிழையாகத் தெரிந்தது. அடுத்தடுத்த இரண்டு டைல்களை இணைக்காமல் தனித்தனியே திறந்து, இரண்டிலும் தெரியும் ஓர் இரத்தக்குழாய்க் கிளையின் கவட்டைக் கண்டுபிடித்து, கர்ஸரை வைத்து எண்களைத் தாளில் எழுதினேன். செங்குத்தாக 21 பிக்ஸல் விலகல். அடுத்த இணையில் 22. அதற்கடுத்ததில் 21.

டைலுக்கு டைல் மேடை நகர்ந்த தூரம் 1741 பிக்ஸல். அதில் 21 பிக்ஸல் சரிவு என்றால் 0.7 பாகைக் கோணம். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: படமெடுப்பதற்கு முந்தைய வாரம் தூசி துடைப்பதற்காகக் கேமராவைக் கழற்றி மாட்டியிருந்தோம். மாட்டியவன் நான். மேடை நேராகத்தான் போயிருக்கிறது, கேமரா தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்திருக்கிறது. ஆக எங்கள் கூடத்தில் உண்மையிலேயே கோணல் இருந்தது. ஆனால் மூத்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியாதபடி, கோணலைச் செய்தவனும் நானாகவே இருந்தேன்.

கோணல் மட்டும் என்றால் மென்பொருளே சரி செய்திருக்கும். எல்லா டைல்களும் ஒரே அளவு சாய்ந்திருப்பதால், நகர்த்தி வைத்தாலே அவை கச்சிதமாகப் பொருந்தும்; எதையும் சுழற்ற வேண்டியதில்லை. கெடுத்தது என் இரண்டாவது தவறு. மேடையின் துல்லியம் ஒரு மைக்ரான் என்று கையேட்டில் படித்துவிட்டு, "இவ்வளவு துல்லியமான மேடைக்கு எதற்குப் பெரிய தேடல்" என்று, தேடும் எல்லையை 15 பிக்ஸலாகக் குறைத்திருந்தேன். உண்மையான பொருத்தம் 21-இல் நிற்கிறது. மென்பொருள் 15 வரைதான் போகலாம். அது தேடியது, கிடைக்கவில்லை, நம்பகம் குறைவு என்று ஒழுங்காக எழுதி வைத்தது, நம்பகம் குறைந்த விடையைத் தள்ளிவிட்டு மேடை சொன்ன இடத்திலேயே டைலை வைத்தது. 21 பிக்ஸல் என்பது 34 மைக்ரான். ஒரு செல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு செல் நிற்பதற்குப் போதுமான இடைவெளி. அதன் மேல், இரண்டு டைல்களையும் பொதுப்பட்டையில் மெல்லக் கலக்கும் வசதி வேறு சேர்ந்துகொண்டு, வெட்டுக்கோடாகத் தெரிந்திருக்க வேண்டிய பிழையை இரட்டைச் செல்களாக்கி அழகாகப் பூசி மறைத்துவிட்டது.

தேடும் எல்லையை 60 ஆக்கினேன். ஒப்பிட வேண்டிய இடங்கள் 15 மடங்காகிவிட்டன. ஆயினும் நேரத்தின் பெரும்பகுதி வட்டிலிருந்து படிப்பதிலேயே போவதால், ஓர் இரவில் முடிந்துவிட்டது. லுங்கிக் கட்டம் மறைந்தது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: மென்பொருளை இப்போது மாற்றாதீர்கள். முதலில் ஏதேனும் ஓர் இணையின் இரண்டு டைல்களையும் தனித்தனியே திறந்து, இரண்டிலும் உள்ள ஒரே பொருளின் இடத்தைக் கையால் அளந்து, மென்பொருள் சொல்லும் விலகலோடு ஒப்பிடுங்கள். இதே வேலையை நான்கு மூலைகளிலும் நடுவிலும் செய்யுங்கள். விலகல் எங்கும் ஒரே அளவாக இருந்தால் கேமராவின் கோணலையோ, கோப்பில் எழுதப்பட்ட பிக்ஸல் அளவையோ சந்தேகியுங்கள். நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனால் மாதிரியோ மேடையோ நகர்ந்திருக்கிறது. ஒரே பட்டையிலேயே ஆழத்துக்கு ஆழம் மாறினால் கரைசலின் ஒளிவிலகல் எண் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. அப்போது வெறும் நகர்த்தல் போதாது, பிக்ஸ்டிச்சர் போன்று டைலை நீட்டிச் சாய்த்துப் பொருத்தத் தெரிந்த ஒன்றுக்குப் போவதில் பொருள் உண்டு.

மூளையின் ஓரத்து டைல்களைத் தனியாகப் பாருங்கள். அங்கே பொதுப்பட்டையில் திசுவே இல்லாமல் வெறும் கரைசல் மட்டும் இருக்கலாம். வெறுமையையும் வெறுமையையும் ஒப்பிட்டால் இரைச்சல்தான் விடையாக வரும். டெராஸ்டிச்சர் நம்பகம் மிகுந்த இணைப்புகளை மட்டும் கோத்து ஒரு மரமாக்கிக்கொள்வதால், கெட்ட இணைப்பைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபிஜியின் 2009-இன் முறை எல்லா இணைப்புகளின் பிழையையும் ஒருசேரக் குறைக்கப் பார்க்கும். அதனால் ஒரு கெட்ட இணைப்பு நீக்கப்படாமல் தங்கிவிட்டால், அதன் பிழையைக் குற்றமற்ற அண்டை டைல்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமக்க நேரும். எது மேல் என்று கேட்டால், ஓரங்கள் வெறுமையாக உள்ள மூளைக்கு நான் முதலாவதையும், எங்கும் திசு நிறைந்த மாதிரிக்கு இரண்டாவதையும் எடுப்பேன். இது என் கை அனுபவம் மட்டுமே. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

இரண்டு நிறங்கள் எடுத்திருந்தால், செல்கள் மின்னும் நிறத்தில் விலகலைக் கணக்கிடாதீர்கள். அங்கே ஒளிரும் புள்ளிகள் அரிது. திசு தானாகவே மங்கலாக ஒளிரும் மற்ற நிறத்தில் எங்கும் ஒப்பிடுவதற்கு ஏதாவது ஓர் உருவம் தெரியும்; அதில் கணக்கிட்ட விலகல்களையே இதற்கும் பயன்படுத்துங்கள். சரிபார்க்கும்போது கலக்கும் வசதியை அணைத்துவிட்டு, அடுத்தடுத்த டைல்களுக்குப் பச்சையும் கருஞ்சிவப்புமாக மாற்றி மாற்றி நிறம் கொடுத்துப் பாருங்கள். பொருந்திய இடம் வெள்ளையாகும். பொருந்தாத இடம் பல்லிளித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் மாணவியின் ஆய்வுக் கட்டுரையில் ஒரே வாக்கியமாக முடிந்தது: படங்கள் இணைக்கப்பட்டன என்று. யாரால் என்பது இல்லை, தேடும் எல்லை எத்தனை என்பதும் இல்லை. என் பெயர் வரவில்லை என்ற வருத்தம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட, விலகல் எண்களும் எல்லையும் அச்சில் இல்லாததால், நாளை அந்தச் செல் எண்ணிக்கையைச் சரிபார்க்க விரும்புகிறவருக்கு ஒரு பிடியும் இல்லையே என்பதுதான் அதிகம் உறுத்துகிறது. உங்கள் கட்டுரையில் இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, மூலப் படங்களை அழிக்கலாமா என்பது. கூடாது. நான் தவற்றைக் கண்டுபிடித்தது இணைக்காத டைல்களில்தான். இணைத்த படத்தில் இரண்டு செல்களும் ஒன்றாகக் கரைந்துவிட்ட பிறகு எது எந்த டைலிலிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியே இல்லை. பெரிய விலை கொடுத்து நுண்ணோக்கி வாங்கும் இடங்களில் வட்டு கேட்டால் மட்டும் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். இடம் போதவில்லை என்றால் இணைத்த படத்தை அழியுங்கள். டைல்களும் விலகல்கள் எழுதிய அந்தச் சிறிய கோப்பும் இருந்தால், அதை எப்போது வேண்டுமானாலும் ஓர் இரவில் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.