எழுத்தைச் சுற்றி வரும் பெட்டி: வீடியோ மேல் தமிழ்ப் பெயர் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை வீடியோ எடுத்து, டாவின்சி ரிசால்வில் எடிட் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கலைஞரும் முதல் முறை வரும்போது அவர் பெயரும் வேஷமும் கீழே தெரிய வேண்டும். தங்கை தன் போனில் பின்புலம் இல்லாமல் பெயர்களைச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வீடியோ மேல் வைத்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி. நண்பர் ஒருவர் அசையும் தலைப்பு ஒன்றை எம்பி4 கோப்பாகத் தந்தார். அதில் கறுப்புப் பெட்டி. நேரடியாக எடிட்டரில் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து உடைகிறது. என்ன செய்வது?

பதில்: வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எழுத்து உடைவது தனிக் கதை. முதலில் பெட்டியைப் பார்ப்போம்.

படத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. வழக்கமான 8 பிட் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 'பின்புலம் இல்லை' என்பதை இந்த மூன்றால் சொல்லவே முடியாது. வெள்ளையும் ஒரு நிறம், கறுப்பும் ஒரு நிறம். 'இங்கே ஒன்றுமில்லை' என்பது நிறமே இல்லை. அதைச் சொல்ல நான்காவதாக ஓர் எண் வேண்டும். அதுதான் ஆல்ஃபா சேனல். 0 என்றால் அந்த இடத்தில் அடியில் இருக்கும் வீடியோ முழுதாகத் தெரியும். 255 என்றால் எழுத்து முழுதாக மறைக்கும். நடுவில் உள்ள எண்கள் இரண்டையும் கலக்கும். 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் உருவாக்கிய யோசனை இது. இன்று எல்லா எடிட்டரும் இதைக்கொண்டுதான் படங்களை அடுக்குகின்றன.

ஆக, உங்கள் தங்கை செய்த படத்தில் நான்கு எண்களும் இருந்திருக்கும். வழியில் எங்கோ நான்காவது எண் தொலைந்துவிட்டது. எங்கே தொலைந்தது என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

என் கணிப்பில் வாட்ஸ்அப்பில்தான் தொலைந்தது. படமாக அனுப்பும் எதையும் வாட்ஸ்அப் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. மூன்று நிறங்கள் மட்டும்தான். காலியான இடத்தில் வெள்ளையோ கறுப்போ நிரம்பிவிடும். அதன் பிறகு அந்தக் கோப்பின் பெயரை, ஆல்ஃபாவுக்கு இடமுள்ள பட வடிவமான பிஎன்ஜி என்று மாற்றினாலும் போனது போனதுதான். தங்கையிடம் மூலக் கோப்பை மறுபடி கேளுங்கள். இந்த முறை 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது கூகுள் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டிலும் கோப்பு தொடப்படாமல் அப்படியே வந்து சேரும். அவர் செயலியில் சேமிக்கும்போதே பிஎன்ஜி என்று தேர்ந்தாரா, பின்புலத்தை அணைத்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேன்வாவில் செய்திருந்தால் கவனம்: அங்கே பின்புலமின்றித் தரவிறக்குவது கட்டணக் கணக்குக்கு உரிய வசதி.

கோப்பு வந்ததும் போன் கேலரியில் திறந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆல்ஃபா சரியாக இருந்தாலும் கேலரி தன் பங்குக்குக் கறுப்பையோ வெள்ளையையோ அடியில் வைத்துத்தான் காட்டும். ரிசால்வில் அடர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாலிட் கலர் போட்டு, அதற்கு மேல் டிராக்கில் பிஎன்ஜியை வையுங்கள். ஆரஞ்சு மேல் எழுத்து மட்டும் நின்றால் கோப்பு நல்ல கோப்பு. இணையத்தில் தேடி எடுக்கும் அலங்காரப் படங்களுக்கும் இதே சோதனை உதவும். சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு, பின்புலம் இல்லாதது போலத் தோன்றும் பல படங்களில் அந்தக் கட்டமே படத்தின் பகுதியாக வரையப்பட்டிருக்கும்.

அடுத்து எழுத்து உடைவது. இதற்கு முழுக் கவனம் கொடுங்கள். இரவெல்லாம் கிரீடம் சுமந்து ஆடிய ஒருவரின் பெயரைத் திரையில் உடைந்த எழுத்தில் போடுவதைவிடப் போடாமலே விடலாம்.

'பொன்னுசாமி' என்று தட்டினால் கணினி முதலில் ப, அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் வைத்துக்கொள்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ப-வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைப்பது, எழுத்தைத் திரையில் வரையும் நேரத்தில் நடக்கும் தனி வேலை. ஆங்கிலத்துக்கு இந்த வேலை பெரிதாகத் தேவைப்படாது என்பதால் சில வீடியோ மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை, அல்லது நாம் கேட்டால்தான் செய்கின்றன. அடோபி பிரீமியரில் எடிட் செய்பவர்கள் முன்னுரிமைகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீங்கள் இருப்பது ரிசால்வில். அதனுடன் மல்லுக்கட்டாமல், தமிழைச் சரியாக வரையத் தெரிந்த வேறு மென்பொருளில் பெயரைச் செய்து, பிஎன்ஜியாகக் கொண்டுவந்து வைப்பதே என் பரிந்துரை. படமாக மாறிய பிறகு எந்த எடிட்டராலும் கொம்பை நகர்த்த முடியாது.

இதற்கு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும். இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும். பக்க அளவை உங்கள் டைம்லைன் அளவுக்கே வையுங்கள்: முழு ஹெச்டி என்றால் 1920க்கு 1080, 4கே என்றால் 3840க்கு 2160 பிக்சல். பெயர் திரையில் எங்கே வர வேண்டுமோ பக்கத்தில் அதே இடத்தில் எழுதுங்கள். பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது 'பக்கம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்புலம் தானாகவே காலியாக வரும். எழுத்தை மட்டும் வெட்டி ஏற்றுமதி செய்தால் ரிசால்வ் அந்தச் சின்னப் படத்தைச் சட்டகம் நிறையப் பெரிதாக்கிவிடும். எழுத்தும் மங்கும், எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைக்கவும் நேரிடும். முழுப் பக்கமாக வந்தால் டைம்லைனில் போட்டவுடன் எல்லாம் ஒரே இடத்தில் உட்காரும்.

எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசம்; தடித்த வடிவங்களும் கிடைக்கின்றன. கல்யாண வீடியோ செய்யும் ஸ்டூடியோக்களில் பாமினி எழுத்துரு இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. அது ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது, உண்மைதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பிஎன்ஜி வழி இருக்கும்போது அது தேவையில்லை.

இப்போது நண்பர் தந்த அசையும் தலைப்பு. எம்பி4 கோப்பில் வழக்கமாக இருப்பது ஹெச்.264 வீடியோ. நடைமுறையில் அதில் ஆல்ஃபா வராது. நண்பரிடம் அதே தலைப்பை ஆப்பிளின் புரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவத்தில், ஆல்ஃபாவோடு எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். 4444 என்பதில் கடைசி 4 தான் ஆல்ஃபாவுக்கு உரியது. புரோரெஸ் 422 கேட்டால் அதில் கிடைக்காது. அவரும் ரிசால்வில் செய்தவர் என்றால் டெலிவர் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் ஆல்ஃபா' என்ற பெட்டியைத் தட்டியிருக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். கோப்பு பெரிதாக இருக்கும் என்பதற்கும் தயாராக இருங்கள். முழு ஹெச்டியில் நொடிக்கு 30 சட்டகம் என்றால் புரோரெஸ் 4444-க்கு ஆப்பிள் வைத்திருக்கும் இலக்கு நொடிக்கு ஏறக்குறைய 330 மெகாபிட். அந்தக் கணக்கில் 10 நொடிக்கு 400 மெகாபைட்டைத் தொடும். காலி இடம் அதிகமுள்ள தலைப்புக்கு இதைவிடக் குறையும்.

நண்பரிடம் மூலம் இல்லை, எம்பி4 மட்டும்தான் இருக்கிறது என்றாலும் ஒரு வழி உண்டு. கறுப்பு மேல் வெள்ளை எழுத்தாக இருந்தால் அந்த கிளிப்பைத் தேர்ந்து, இன்ஸ்பெக்டரில் கம்போசிட் மோடை 'ஸ்கிரீன்' என்று மாற்றுங்கள். கறுப்பு மறைந்து வெள்ளை நிற்கும். இருட்டான கூத்துக் காட்சிகளில் இது நன்றாகவே எடுபடும். ஆனால் கறுப்பு நிழலும் கறுப்புக் கரையும் சேர்ந்தே மறையும். விளக்கு வெளிச்சம் அடிக்கும் இடத்தில் எழுத்து காணாமல் போகும். பச்சைப் பின்புலத்தில் எழுத்தைச் செய்து பிறகு பச்சையை நீக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். எழுத்தின் வளைவு ஓரங்களில் உள்ள பிக்சல்கள் பாதி எழுத்தும் பாதி பச்சையுமாகக் கலந்திருக்கும். எவ்வளவு கவனமாக நீக்கினாலும் ஓரத்தில் பச்சை ஒட்டும். ஆட்களைப் படம் பிடிக்கும்போது வேறு வழியில்லாமல் செய்வது அது. எழுத்துக்கு ஆல்ஃபா இருக்கிறது.

உண்மையில் உங்கள் படத்துக்கு அசையும் தலைப்பே தேவையா என்று யோசியுங்கள். பிஎன்ஜியை டைம்லைனில் வைத்து, இரு முனையிலும் அரை நொடி ஃபேட் கொடுத்தால் போதும். எழுத்து எழுத்தாக வந்து விழும் அனிமேஷன் தமிழுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை: முதலில் 'ப' வரும், பிறகு அது 'பொ' ஆகித் துள்ளும். அசைவு வேண்டும் என்றால் சொல் சொல்லாக வரவையுங்கள்.

பெட்டி போனபிறகும் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது வேறு சிக்கல். ஆல்ஃபாவை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நேர் வகையில் (ஸ்ட்ரெய்ட்) நிறம் அப்படியே இருக்கும். இன்னொன்றில் நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்திருப்பார்கள். அதைப் பிரீமல்டிபிளைடு என்பார்கள். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் பாதி மறைக்கும் பிக்சல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 200 வெளிச்சமுள்ள துணித் திரை. 255-இல் பாதியும் 200-இல் பாதியும் சேர்ந்தால் 227 வர வேண்டும். ஏற்கெனவே பெருக்கி 128 ஆன நிறத்தை எடிட்டர் நேர் வகை என்று நம்பி மறுபடி பாதியாக்கினால் வருவது 164. எழுத்தைவிடவும் இருட்டு, திரையைவிடவும் இருட்டு. அந்தக் கோடு வருவது இப்படித்தான். மீடியா பூலில் அந்த கிளிப்பை வலது சொடுக்கி, கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஆல்ஃபா மோடை மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பிஎன்ஜி தரப்படி நேர் வகைதான். இந்தத் தொல்லை பெரும்பாலும் அசையும் கோப்புகளில் வரும்.

பின்புலம் இல்லாத எழுத்து எல்லா இடத்திலும் படிக்கக்கூடியதாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூத்தில் இது கூடுதல் பிரச்சினை. கண்ணாடி பதித்த கிரீடமும் மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் விளக்கில் மின்னும்போது அதன் மேல் வெறும் வெள்ளை எழுத்து நிற்காது. பெயருக்கு அடியில் 50 முதல் 60 சதவீதம் மறைக்கும் கறுப்புப் பட்டை ஒன்றை இன்க்ஸ்கேப்பிலேயே வரைந்துவிடுங்கள். பிஎன்ஜியில் ஆல்ஃபாவுக்கு 256 படிகள் இருப்பதால் பாதி மறைக்கும் பட்டையும் அப்படியே வரும்.

நிறத்தில் சிவப்பைத் தவிருங்கள். கடைசியில் யூடியூபுக்காக ஹெச்.264 ஆக்கும்போது வெளிச்சத் தகவல் முழு அளவில் போகும், நிறத் தகவல் அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியுமாகக் குறையும். வெளிச்ச வேறுபாடு குறைவாகவும் நிற வேறுபாடு அதிகமாகவும் உள்ள சிவப்பு எழுத்தின் ஓரம் அதனால் கலங்கிப்போகும். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் பிழைத்துக்கொள்ளும். அப்புறம், பெயரைத் திரையின் அடிவிளிம்போடு ஒட்டாதீர்கள். யூடியூபின் ஓட்டப் பட்டையும் வசன வரிகளும் அங்கேதான் வரும். விளிம்பிலிருந்து குறைந்தது 10 சதவீதம் உள்ளே இருக்கட்டும். பாட்டு வரிகளையும் வசனத்தையும் போடும் எண்ணம் இருந்தால் அவற்றுக்கு பிஎன்ஜி செய்யாதீர்கள். எஸ்ஆர்டி கோப்பாக (வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் கொண்ட எழுத்துக் கோப்பு) தயாரித்து யூடியூபில் தனியாக ஏற்றலாம். எழுத்தை வரைவது பார்ப்பவரின் போன் வேலை. அது தமிழைச் சரியாகவே வரையும்.

முடிந்த படத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆல்ஃபா வேண்டியதில்லை. எழுத்து வீடியோவோடு கலந்துவிட்டது, எம்பி4 போதும். அதற்கு முன் பெயர்களை எல்லாம் வேஷம் கட்டியவர்களிடமே ஒருமுறை காட்டுங்கள். ஊரில் கூப்பிடும் பெயரும் அவர் எழுதும் பெயரும் வேறாக இருக்கலாம். பெயர் டிராக்கை அணைத்துவிட்டு, எழுத்தில்லாத பிரதி ஒன்றையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஒரு பெயரில் திருத்தம் வந்தாலும், வேறு மொழியில் பெயர் போட வேண்டி வந்தாலும் அந்தப் பிரதியின் மேல் புது பிஎன்ஜிகளை வைத்தால் போதும்.