கார் பெயிண்ட் கீறல்களை வீட்டிலேயே பாலிஷ் செய்வது: கேள்வி பதில்

கார் பெயிண்டிங் பட்டறையில் பணிபுரியும் எனக்கு வரும் கீறல் கேள்விகளில் பாதிக்கு மேல், வீட்டில் ஒருவர் ஆர்வத்தோடு தேய்த்துக் கீறலைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கிய பிறகுதான் வருகின்றன. ஆகவே ஓர் அடிப்படைச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதன் மேல் நிறமற்ற க்ளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் க்ளியர் கோட் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை அல்ல. கீறலைச் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைத் தேய்த்துக் கீறலின் ஆழத்துக்குக் கொண்டுவரும் வேலை. தேய்த்தது திரும்ப வளராது.

திருச்சியிலிருந்து ஒருவர்: கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. பாலிஷில் போகுமா, பெயிண்ட் அடிக்க வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது க்ளியர் கோட்டோடு நிற்கிறது என்று பொருள். அடுத்து, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். நகம் தடையில்லாமல் வழுக்கிச் சென்றால் பாலிஷில் முழுவதுமாகவோ பெரும்பகுதியோ போய்விடும். நகம் மாட்டிக்கொண்டு நின்றால் பாலிஷ் செய்து அதன் ஓரங்களை மழுக்கலாமே தவிர, கீறலை எடுக்க முடியாது. கீறலுக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளபளவென்று வெள்ளியாகத் தெரிந்தால் தகடு வெளிப்பட்டிருக்கிறது. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக். இந்த மூன்றிலும் பாலிஷுக்கு வேலையே இல்லை.

ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுவரிலோ மற்றொரு வண்டியிலோ உரசியபின் தெரியும் வெள்ளைக் கோடு பல நேரங்களில் கீறலே அல்ல, எதிரே இருந்ததன் பெயிண்ட் நம் வண்டியில் ஒட்டிக்கொண்டது. கோட்டைத் தடவினால் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். தார் நீக்கும் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்தாலே அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து: கையால் பாலிஷ் செய்தால் போதுமா, மெஷின் வாங்க வேண்டுமா? முறையைப் படிப்படியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கைப்பிடியைச் சுற்றி விழும் நகக் கீறல்களுக்கும், ஒரு சாண் அளவுள்ள உரசலுக்கும் கையே போதும். முழு பானட்டையும் செய்ய வேண்டுமானால், சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினைப் பழக்கமில்லாதவர் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது ஓரிடத்தில் சில விநாடிகள் நின்றாலும் சூடேறி க்ளியர் கோட்டை எரித்துவிடும். பம்பர் பிளாஸ்டிக் சூட்டைத் தகடுபோல் கடத்தாததால் அங்கே இன்னும் சீக்கிரம் எரியும்.

வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். கழுவிய பிறகும் உள்ளங்கையால் தடவினால் நறநறவென்று இருந்தால், களிமண் போன்ற க்ளே பாரை வழவழப்பான திரவத்தோடு சேர்த்துத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்களை எடுக்க வேண்டும்; இல்லையென்றால் அவையே பாலிஷின்போது புதிய கீறல்களைப் போடும். கதவு ஓரங்கள், பானட்டின் மடிப்புக் கோடுகள் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஏனென்றால் கூர்மையான விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாகவே படிகிறது. பிறகு ஸ்பாஞ்ச் பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு பாலிஷை வைத்து, இரண்டு அடிக்கு இரண்டு அடிக்கு மேல் போகாத இடத்தில், முதலில் மெஷினை ஓட்டாமலே பரப்பிவிட்டு, பின் நடுத்தர வேகத்தில் இடவலமாகவும் மேல்கீழாகவும் ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு மூன்று முறை போனதும் வெள்ளைப் படலம் கண்ணாடிபோல் மெலிந்து வரும். அப்போது நிறுத்தித் துடைத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டிருக்கலாம். அதை எடுத்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை.

எப்போதும் மென்மையான பாலிஷ், மென்மையான பேட் இரண்டையும் கொண்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் முதலில் செய்து பாருங்கள். அது போதவில்லை என்றால் மட்டும், அதிகமாகத் தேய்த்தெடுக்கும் சொரசொரப்பான பாலிஷான காம்பவுண்டுக்குப் போங்கள். கடையில் காம்பவுண்டை முதலில் நீட்டுவார்கள், சீக்கிரம் பலன் தெரியும் என்பதால். எடுக்காமல் விட்டிருக்கக்கூடிய க்ளியர் கோட்டையும் அது எடுத்துவிடும்.

மதுரையிலிருந்து: பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகிறது என்கிறார்களே, உண்மையா?

பற்பசையில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ தேய்ப்புத் துகளாக இருக்கும். ஆகவே மிக மெல்லிய கீறல் கொஞ்சம் மங்குவது உண்மை. ஆனால் அந்தத் துகள்கள் பல்லுக்காகச் செய்யப்பட்டவை. பல கார் பாலிஷ்களில் உள்ள துகள்கள் தேய்க்கத் தேய்க்க நுணுங்கி, முடிவில் தாமே மினுக்கிவிடும்படி அமைக்கப்படுகின்றன. பற்பசையில் அது நடக்காது, மங்கலான ஒரு திட்டு மிஞ்சும். சிறிய பாலிஷ் டப்பா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள்.

சேலத்திலிருந்து: எங்கள் டிரைவர் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து துடைக்கிறார், கீறல் எல்லாம் மறைந்துவிடுகிறது.

எண்ணெய் கீறலின் பள்ளத்தில் நிரம்பியதும் வெளிச்சம் அங்கே சிதறாமல் போகிறது, ஆகவே கண்ணுக்குக் கீறல் தெரிவதில்லை. இரண்டு முறை கழுவினால் திரும்பி வரும். அதற்குள் எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டி, அடுத்த முறை துடைக்கும்போது புதிய கீறல்கள் விழும். மண்ணெண்ணெய் கதவு ரப்பர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

சென்னை வேளச்சேரியிலிருந்து: கறுப்பு நிற கார், வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்திவலைபோல் வட்டவட்டமாகக் கீறல்கள். யாரும் இடிக்கவில்லை.

உங்கள் அடுக்குமாடியில் காலையில் ஒருவர் ஒரு வாளியும் ஒரு துணியும் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துப் போகிறாரா? கீறல்கள் அந்தத் துணியிலிருந்து வந்தவை. சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, அது க்ளியர் கோட்டைவிட மிகக் கடினமானது. அதைக் காய்ந்த துணியாலோ அரை ஈரத் துணியாலோ இழுத்தால், இழுத்த தடமெல்லாம் கீறலாகிறது. பத்தாவது காருக்கு வரும்போது அந்த வாளியில் முந்தைய ஒன்பது கார்களின் மணலும் கிடக்கும். மேலே சொன்ன முறையில் மென்மையான பாலிஷால் இந்தக் கீறல்கள் போய்விடும். ஆனால் துடைப்பதை மாற்றாமல் பாலிஷ் செய்வீர்களானால், வருடத்துக்கு ஒருமுறை க்ளியர் கோட்டை இழப்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து: இதை ஏற்க முடியவில்லை, ஐயா. என் தந்தையார் தம் அம்பாசிடரைத் தினமும் காலையில் துடைப்பார். இருபது வருடம் கழித்தும் அது கண்ணாடிபோல் மின்னியது.

உங்கள் தந்தையார் வண்டியைப் பேணியதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்து வண்டிக்கு அது பொருந்தியது. அந்த வண்டிகளில் க்ளியர் கோட் கிடையாது, நிறப் பூச்சே வெளிப்புறப் பூச்சு. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெயிலில் வெளுத்த மேல்தோல் உதிர்ந்து, கீழே இருந்த புதிய நிறம் வெளியே வந்து மின்னியது. இன்றைய காரில் நிறம் க்ளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது, மேலே தேய்ந்தால் ஈடுசெய்யக் கீழே ஒன்றுமில்லை. மேலும் வெள்ளை, க்ரீம் நிறங்களில் இந்த வட்டக் கீறல்கள் எளிதில் தெரியாது. அதே துணியால் கறுப்புக் காரைத் துடைத்திருந்தால் சில மாதங்களில் தெரிந்திருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து: அப்படியானால் புழுதியோடேயே ஓட்டச் சொல்கிறீர்களா? புழுதி படிந்து கிடந்தாலும் பெயிண்ட் கெடும் அல்லவா?

வெறும் புழுதி படிந்து கிடப்பதால் பெயிண்டுக்குக் கேடு மிகக் குறைவு. அதை இழுப்பதுதான் கேடு. பறவை எச்சம் மட்டும் விதிவிலக்கு, அது அமிலத்தன்மை உடையது, வெயில் பட்டால் க்ளியர் கோட்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.

வேளச்சேரி அன்பர் மீண்டும்: துடைப்பவரை நிறுத்தினால் அவர் பிழைப்பு போகும். என்ன செய்வது?

நிறுத்த வேண்டாம். வாரம் ஒருமுறை கழுவச் சொல்லி, மாதச் சம்பளத்தை அப்படியே கொடுங்கள். இரண்டு வாளிகளும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒரு வாளியில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசுவதற்கான வெறும் தண்ணீர். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட்ட பிறகே துணி படவேண்டும். கீழே விழுந்த துணியைத் திரும்பக் காரில் வைக்கக் கூடாது. உங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும், இல்லையேல் வெள்ளைப் புள்ளிகள் படியும்.

புதுச்சேரியிலிருந்து: தகடு தெரியும் அளவுக்கு ஆழமான சிறிய கீறல். வீடு கடற்கரைக்கு அருகில்.

கடற்காற்றில் துரு காத்திருக்காது, இந்த வாரமே செய்யுங்கள். பெயிண்ட் குறியீடு பெரும்பாலும் டிரைவர் கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு உள்ளேயோ ஒட்டப்பட்டிருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்குங்கள். துரு தெரிந்தால் வாட்டர் பேப்பரின் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளின்) சிறு துண்டால் கீறலுக்குள் மட்டும் தேய்த்து எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, பிரைமரை மெல்லிய தூரிகையின் நுனியால் வையுங்கள். அது காய்ந்ததும் நிறம், அதுவும் காய்ந்ததும் க்ளியர். ஒவ்வொன்றையும் மெல்லியதாக இரண்டு மூன்று முறை, கீறலின் பள்ளத்துக்குள் மட்டும் வைக்க வேண்டும். பூசுவதுபோல் இழுத்தால் இரண்டு பக்கமும் தடிப்பாகிக் கீறலைவிட அசிங்கமாகத் தெரியும். மெட்டாலிக் நிறமாக இருந்தால் தூரிகையில் வைத்தது சுற்றியுள்ள நிறத்தோடு முழுமையாகப் பொருந்தாது, ஏனெனில் ஸ்ப்ரேயில் அலுமினியத் துகள்கள் படுக்கும் விதம் வேறு. துருவை நிறுத்துவதே இங்கு நோக்கம்.

ஹார்டனர் கலந்த டூ-கே க்ளியர் ஸ்ப்ரேயை வீட்டில் அடிக்க வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

ஈரோட்டிலிருந்து: சிறு கீறலுக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் செய்யலாமா?

இது என் துறை அல்ல. ஆனால் க்ளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் 20 முதல் 50 சதவீதம் வரையுள்ள நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) போய்விடக்கூடும். அதைக் கணக்கிட்டு ஏஜெண்டிடம் பேசுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து: முன்கண்ணாடியில் வைப்பர் கீறல், இதே பாலிஷ் போடலாமா?

கூடாது. கண்ணாடிக்கான ஆளிடம் காட்டுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: ஜெல் பற்பசையாக இருந்தால் பரவாயில்லையா?

மதுரை அன்பருக்குச் சொன்னதே பதில். இனி பற்பசைக் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

ஓசூரிலிருந்து: மேட் பினிஷ் காரில் கீறல்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்டை எதைக் கொண்டும் பாலிஷ் செய்யாதீர்கள், தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திருப்ப முடியாது.

நாகர்கோவிலிலிருந்து: பழைய கார் வாங்கினேன். விற்றவர் ரப்பிங் பாலிஷ் போட்டுக் கொடுத்தார், ஒரு மாதத்தில் கீறல்கள் திரும்பத் தெரிகின்றன. நானே இன்னொரு முறை காம்பவுண்ட் போடலாமா?

போடாதீர்கள். எண்ணெயும் வாக்ஸும் நிரப்பி மறைத்த கீறல்கள் இப்போது வெளியே வந்திருக்கின்றன. இதற்கு முன் எத்தனை முறை தேய்த்தார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறையில் பானட், கூரை, கதவுகள் எல்லாவற்றையும் பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பாகத்தில் மட்டும் அளவு 200 மைக்ரானைத் தாண்டினால் அது பெரும்பாலும் மறுபெயிண்ட் அடித்தது. பானட்டில் 80, 85 என்று வந்தால் அங்கே மெஷினை வைக்காமல் கையால் வாக்ஸ் மட்டும் பூசுங்கள். மற்ற இடங்களின் அளவுகளை இங்கே எழுதினால், எந்த இடத்தில் எந்த பாலிஷ் தாங்கும் என்று தனித்தனியாகச் சொல்கிறேன்.