ரேஸ் கார் ஹோஸை விமானத்தில் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் என் வீட்டு கராஜில் ஆர்வி-7 என்ற சிறு விமானத்தைக் கட்டி வருகிறேன். 160 குதிரைத்திறன் லைகோமிங் ஓ-320 எஞ்சின், கார்புரேட்டர் வகை. ஃபயர்வாலிலிருந்து (எஞ்சின் அறையையும் விமானி அறையையும் பிரிக்கும் தடுப்புத் தகடு) எஞ்சின் பம்புக்கு ஒன்று, அங்கிருந்து கார்புரேட்டருக்கு ஒன்று என இரண்டு வளையும் ஹோஸ் தேவை. ரேஸ் கார் கடையில் எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் விலை குறைவாகக் கிடைக்கிறது. ஃபிட்டிங் அளவும் மரையும் ஒன்றேதான். அதையே வாங்கிவிடலாமா? பொருத்தும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: சட்டம் உங்களைத் தடுக்காது. அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டும் சோதனை வகை விமானத்துக்குச் சான்றிதழ் பெற்ற ஹோஸ்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் முடிவு முழுக்க உங்கள் பொறுப்பு. நான் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பளபளக்கும் பின்னலைப் பார்த்து ஹோஸை எடைபோடாதீர்கள். அழுத்தத்தைத் தாங்குவதும் உராய்விலிருந்து காப்பதும்தான் பின்னலின் வேலை. உங்கள் கார்புரேட்டருக்குப் போகும் அழுத்தம் அதிகபட்சம் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு. அதற்கு எந்த ஹோஸும் வெடிக்காது. எஞ்சின் அறையில் ஹோஸைக் கெடுப்பவை வெப்பமும் முதுமையும் நெருப்பும்தான். அவற்றை எதிர்கொள்வது பின்னலுக்குள்ளே இருக்கும் உள்குழாயும் இரு முனைகளும். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உள்ளே இருப்பது ரப்பரா, டெஃப்லானா?" என்பதை.

ரப்பர் உள்குழாய் இணக்கமாக வளையும், விலையும் குறைவு. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. விமானம் மாதக்கணக்கில் பறக்காமல் நின்றால் உள்ளே காய்ந்து, விறைத்து, வெடிப்பு விடும். எத்தனால் கலந்த கார் பெட்ரோல் ஊற்றினால் சில ரப்பர்கள் ஊறி உப்பவும் செய்யும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் ரப்பர் ஹோஸ்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்று தயாரிப்பாளரே விதித்திருப்பது இதனால்தான். டெஃப்லானை எரிபொருள் ஒன்றும் செய்யாது, காலமும் அதிகம் தொடாது. அதன் பலவீனம் வேறு: அளவுக்கு மீறி வளைத்தால் மடிந்து நசுங்கிவிடும், நசுங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது. சில காலம் ஓடிய டெஃப்லான் ஹோஸைக் கழற்றினால், அது எந்த வளைவில் இருந்ததோ அதே வளைவில் வையுங்கள். நிமிர்த்தினால் உள்ளே விரிசல் விடும். டெஃப்லானிலும் வெறும் வெள்ளை வேண்டாம். எரிபொருள் ஓடும்போது அதில் நிலைமின்சாரம் சேர்ந்து ஊசித்துளை போடக்கூடும். கரி கலந்து மின்சாரத்தைக் கடத்தும் கறுப்பு உள்குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நெருப்பு. கார் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஓடலாம். உங்களுக்குத் தரையிறங்கச் சில நிமிடங்களாவது வேண்டும். விமான ஹோஸின் தீத்தாங்கும் சோதனை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது: 2000 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 1093 டிகிரி செல்சியஸ் சுடரில் 5 நிமிடம். ரேஸ் கடையின் சிவப்பும் நீலமுமான அழகிய முனைகள் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பின்னல் தாங்கினாலும் முனை கழன்று எரிபொருள் நெருப்பிலேயே கொட்டும். ஃபயர்வாலுக்கு முன்னால் ஹோஸ் முனைகளும் அவை ஏறும் ஃபிட்டிங்குகளும் எஃகாக இருக்கட்டும்.

ஹோஸின் மேல் சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் தீயுறை வேண்டும். உறையின் வெட்டிய விளிம்பைச் சிலிக்கோன் வைத்து மூடி, எஃகுப் பட்டையால் இறுக்க வேண்டும். திறந்த விளிம்பு விளக்குத்திரி போல எண்ணெயையும் பெட்ரோலையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தீத்தடுப்புக்குப் போட்டதே தீக்குத் தீனியாகிவிடும். உறை ஏறிய பின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அழுத்தச் சோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். விமான ஹோஸ் கடையில் முனை அழுத்தி, சோதித்து, தேதிச் சீட்டு கட்டிய டெஃப்லான் ஹோஸை உறையோடு வாங்குவதே என் பரிந்துரை. இரண்டே ஹோஸ்தான், இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, ஏஎன்-6 என்ற ஃபிட்டிங் அளவில் உள்ள 6, அங்குலத்தின் பதினாறில் ஆறு பங்கு, அதாவது 3/8 அங்குலக் குழாய். விமான ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரி. குழாய் முனையைக் கூம்பாக விரிக்க சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஃபிளேர் கருவி 45 டிகிரி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் சரியாக உட்காராது.

பொருத்தும்போது ஒன்றை மறக்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் அது எவ்வளவு குலுங்குகிறது என்று ஒருநாள் எஞ்சின் மூடியான கவுலிங்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளமும் சற்றே மாறும். அதனால் நீளத்தில் 5 முதல் 8 சதவீதம் தொய்வு விடச் சொல்கிறது அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேடு. ஹோஸ் மேலே நீளவாக்கில் அச்சிட்ட கோடு நேராக ஓட வேண்டும். சுருளாகச் சுற்றினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அந்த முறுக்கே நட்டைத் தளர்த்திவிடும். எனவே இரண்டு ஸ்பானர் பிடியுங்கள், ஒன்று ஹோஸைத் திரும்பாமல் தடுக்க. இடம் நெருக்கமாக இருந்தால் ஹோஸை வலிந்து வளைக்காமல் 45 அல்லது 90 டிகிரி முனை வாங்குங்கள்.

ஃபிளேர் கூம்பில் எந்தப் பசையும் வேண்டாம். கூம்பு மரையுள்ள பைப் ஃபிட்டிங்குக்கு மட்டும் எரிபொருள் தாங்கும் பசை, அதுவும் முதல் மரையை விட்டுவிட்டு. வெள்ளை டேப் கூடவே கூடாது. அதன் நார் கிழிந்து கார்புரேட்டர் வரை பயணம் போகும்.

நீங்களே முனை ஏற்றினால் ஓர் ஆபத்து உண்டு. நான் பார்த்த ஒரு எஞ்சின் ஐடிலில் அருமையாக ஓடியது, முழு திராட்டிலில் அழுத்தம் விழுந்தது. பம்பை மாற்றினோம், ஃபில்டரைக் கழுவினோம், பயனில்லை. கடைசியில் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், முனை ஏற்றும்போது ரப்பர் உள்தோல் சீவப்பட்டு நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டம் கூடும்போது அந்த நாக்கு எழுந்து வழியை அடைத்தது. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்றிய ஒவ்வொரு ஹோஸையும் காற்றடித்துச் சுத்தம் செய்து, மறுமுனையில் வெளிச்சம் வைத்துப் பாருங்கள்.

டெக்சாஸ் வெயிலுக்கு இன்னொன்று. ஹோஸை எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வழியில்லை என்றால் நடுவே வெப்பத்தடுப்புத் தகடு வையுங்கள். நடுவில் மேடு விழும்படி வளைத்தால் அங்கே ஆவி தங்கி வழியை மறிக்கும்.

எல்லாம் முடிந்ததும் எரிபொருள் ஓட்டச் சோதனை. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு எரிபொருள் என்று வைத்து 160-ஆல் பெருக்கினால் மணிக்கு 88 பவுண்டு, கேலனுக்கு 6 பவுண்டு என்றால் 14.7 கேலன். பம்ப் உள்ள அமைப்பில் அதற்கு 125 சதவீதம் வர வேண்டும், ஏறத்தாழ 18.3 கேலன். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, டாங்கில் குறைவான எரிபொருளோடு, கார்புரேட்டர் முனையைக் கழற்றிக் கேனில் விட்டு மின்பம்பை ஓட விடுங்கள். விமானத்துக்கும் கேனுக்கும் எர்த் கம்பி கட்டியிருக்கட்டும், தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஒரு கேலன் 3 நிமிடம் 15 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். இடது டாங்குக்கும் வலது டாங்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஏதாவது ஒன்றில் நேரம் கூடினால் முதல் பறப்பைத் தள்ளிவைத்துவிட்டு, டாங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.