மண் அணையின் அடியில் நீர் கசிந்தால் ஆபத்தா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி மலைக்கு ஏறும் வழியிலுள்ள போத்துண்டி மண் அணையைப் பார்த்துவந்த சித்தூர் நண்பர், மண் கரை நீரில் கரைந்துவிடாதா, அடியில் ஈரம் கண்டால் அஞ்ச வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார்.

எந்த மண் கரையும் சிறிது கசியவே செய்யும். கசிவை அறவே நிறுத்துவதல்ல, நடுவிலுள்ள இறுகிய களிமண் சுவரால் அதன் வேகத்தைக் குறைத்து, பின்னாலுள்ள மணல், சரளை அடுக்குகள் வழியே மண்துகளை இழுத்துச் செல்லாதபடி நீரை வெளியேற்றுவதே கட்டுமானத்தின் நோக்கம். (போத்துண்டியின் நடுச்சுவரில் வெல்லமும் சுண்ணாம்பும் கலந்ததாகச் சொல்வார்கள்.) ஆகவே ஈரத்தைவிட நீரின் நிறத்தையே கவனிக்க வேண்டும்: தெளிந்த நீர் ஒரே அளவில் வருவது பெரும்பாலும் இயல்பு, கலங்கிய நீரோ, நாளுக்கு நாள் பெருகும் நீரோ கரைக்குள் குழாய்போலத் துளை உருவாவதன் அறிகுறியாகலாம் என்பதால், அணைப் பொறியாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

கசிவுக்கு இணையான ஆபத்து, வெள்ளம் கரையின் மேலேறி வழிவது. கல் அணை ஓரளவு தாங்கும், மண் அணை சில மணி நேரத்தில் அரிக்கப்பட்டு உடையக்கூடும். அதற்காகத்தான் உபரிநீர் வெளியேறக் கலிங்கோ மதகோ தனியே அமைக்கிறார்கள். படகுச் சவாரிக்காகத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே நீரை உச்சமட்டத்தில் தேக்கிவைப்பது, என் கருத்தில், எந்தச் சிறு அணையிலும் கூடாது.